தோள்பட்டை வலியும் மேல்முதுகு வலியும்: இல்லத்தில் செய்யத்தக்கனவும் தகாதனவும்

கழுத்திற்குக் கீழே, இரு தோள்பட்டைகளுக்கும் நடுவே தோன்றும் வலியை அறியாத இல்லம் இல்லை எனலாம். நாற்று நடவு முடித்து வந்தவருக்கும், நாள் முழுதும் கணக்கெழுதி வந்தவருக்கும், தேர்வுக்குப் படிக்கும் மாணவருக்கும், குழந்தையைத் தோளில் சுமக்கும் தாய்க்கும் அது பொதுவானது. நம் இல்லங்களில் இவ்வலிக்கு இரண்டே பெயர்கள் வழங்குகின்றன. ஒன்று வாயுப்பிடிப்பு, மற்றொன்று சுளுக்கு. பெயர் வைத்தவுடன் வைத்தியமும் முடிவாகிவிடுகிறது. வாயு என்றால் பெருங்காயமும் சுக்கும். சுளுக்கு என்றால் எண்ணெய் தேய்த்து நீவுதல்.

பெரும்பாலான நேரங்களில் இதனால் தீங்கு நேர்வதில்லை. ஏனெனில் இவ்வலிகளுள் பெரும்பாலானவை தசையைச் சார்ந்தவை. சில வாரங்களில் தாமே தணிபவை. எனினும் பெயர் தவறாகிவிட்டால் உயிருக்கே ஊறு நேரும் நிலைகளும் உள்ளன. ஆதலின் எவ்வலியை இல்லத்தில் கவனிக்கலாம், எவ்வலியைக் கவனிக்கக் கூடாது என்பதை முதலில் பிரித்தறிந்து, பின்னர் செய்முறைகளுக்குச் செல்வோம்.

எங்கள் இல்லத்தில் நடந்தது

சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் பெரியம்மாவிற்கு ஓர் இரவு இரு தோள்பட்டைகளுக்கும் நடுவே வலி கண்டது. அறுபது வயதைக் கடந்தவர். சர்க்கரை நோயும் உடையவர். மார்பு வலி என்று அவர் ஒருமுறையும் கூறவில்லை. "முதுகில் ஏதோ பிடித்துக்கொண்டது, நெஞ்சு கரிக்கிறது" என்றே கூறினார். உடல் வியர்த்திருந்தது, கோடைக்காலமாதலின் அதனை நாங்கள் பொருட்படுத்தவில்லை. தவிட்டை வறுத்து ஒத்தடம் கொடுத்தோம். பெருங்காயம் கரைத்துக் கொடுத்தோம். விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தோம்.

விடிந்தபின் மருத்துவமனையில் ஈ.சி.ஜி. எடுத்தபோது அது மாரடைப்பு எனத் தெரிந்தது. அவர் பிழைத்துக்கொண்டார். ஆயினும் இரத்தம் கிடைக்காமல் கழிந்த அந்த மணி நேரங்களில் இதயத் தசையின் ஒரு பகுதி செயலிழந்துவிட்டது. அதன்பின் பத்துப் படிகள் ஏறினாலும் அவருக்கு மூச்சு வாங்கியது. அன்றிரவு எங்களில் ஒருவரும் உறங்கவில்லை. மாறிமாறி ஒத்தடம் கொடுத்துக்கொண்டே இருந்தோம். எங்களிடம் அன்பிற்குக் குறைவில்லை. இன்னது இன்னதென அறியும் அறிவே குறைவாக இருந்தது. அக்குறை பிறர் இல்லங்களில் நேராதிருத்தல் வேண்டும் என்பதே இப்பாடத்தை எழுதத் தூண்டியது.

மேல்முதுகின் அமைப்பு

கழுத்தில் 7 முள்ளெலும்புகளும், அவற்றின் கீழே மார்புப் பகுதியில் 12 முள்ளெலும்புகளும் உள்ளன. மார்புப் பகுதியின் 12 எலும்புகளிலிருந்தும் பக்கத்திற்கு ஒன்றாக விலா எலும்புகள் புறப்படுகின்றன. இவ்விலாக் கூட்டின் பின்புறத்தில், இரண்டாம் விலாவிலிருந்து ஏழாம் விலா வரை பரவி, முக்கோண வடிவில் அமைந்த தட்டையான எலும்பே தோள்பட்டை எலும்பு. அது விலாவோடு மூட்டினால் பிணைக்கப்படவில்லை. தசைகளே அதனைத் தாங்கி நிறுத்துகின்றன. கை அசையும்போதெல்லாம் அது விலாக்கூட்டின்மேல் வழுக்கி நகர்கிறது. ஆதலால் தோள்பட்டையின் நலம் அதனைத் தாங்கும் தசைகளின் நலத்தைப் பொறுத்தது.

நமது தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. தலை நேராக முதுகெலும்பின்மேல் நிற்கும்போது இச்சுமை எலும்பின் வழியே இறங்கிவிடுகிறது. தலை முன்னே கவிழும்போது, அது விழாமல் பின்னிருந்து இழுத்துப் பிடிக்கும் பணி கழுத்துத் தசைகளுக்கும் மேல்முதுகுத் தசைகளுக்கும் வந்துசேர்கிறது. நியூயார்க் நகர முதுகெலும்பு அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு கணக்கின்படி, தலையை 15 பாகை கவிழ்த்தால் கழுத்தின்மேல் விழும் பாரம் ஏறக்குறைய 12 கிலோ. 30 பாகையில் 18 கிலோ. 60 பாகையில் 27 கிலோ. இது கணினி வழிக் கணக்கே எனினும், கைப்பேசியை மடியில் வைத்து நெடுநேரம் பார்ப்பவருக்குக் கழுத்தும் முதுகும் ஏன் கனக்கின்றன என்பதை விளங்கவைக்கிறது.

மற்றொன்றும் அறியத்தக்கது. வலி தோன்றும் இடமும் வலி பிறக்கும் இடமும் எப்போதும் ஒன்றாக இரா. கழுத்து எலும்புகளுக்கு இடையேயுள்ள வட்டுகள் நலிவுற்றால், அவ்வலி தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பில் உணரப்படும் என்பதை அமெரிக்க நரம்பு அறுவை மருத்துவர் ரால்ஃப் கிளோவார்ட் 1959ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். தோள்பட்டையில் எவ்வளவு தைலம் தடவினும் வலி தீராதிருப்பதற்கு, அதன் வேர் கழுத்தில் இருப்பதும் ஒரு காரணம். அவ்வாறே இதயம், பித்தப்பை முதலிய உள்ளுறுப்புகளின் வலியும் முதுகில் வந்து தோன்றும்.

இல்லத்தில் வைத்தியம் கூடாத வலிகள்

ஒத்தடத்திற்கு அடுப்பை மூட்டும் முன் பின்வருவனவற்றை நோயாளியிடம் வினவி அறிய வேண்டும்.

1. முதுகு வலியுடன் மார்பில் இறுக்கம், மூச்சுத் திணறல், குளிர்ந்த வியர்வை, குமட்டல், மயக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி ஆகியவற்றுள் ஏதேனும் உண்டா? இருப்பின் மாரடைப்பெனக் கருதி உடனே செயற்பட வேண்டும். பெண்களுக்கும், முதியோருக்கும், சர்க்கரை நோயாளருக்கும் மார்பு வலி தெளிவாகத் தோன்றாமலே மாரடைப்பு வருவதுண்டு.

2. கிழிப்பதுபோன்ற கடும் வலி, முன்னறிகுறியின்றித் தோள்பட்டைகளுக்கு நடுவே திடீரெனத் தோன்றியதா? பெருந்தமனியின் சுவர் கிழிவதால் இவ்வாறு நேரலாம். உயர் இரத்த அழுத்தம் உள்ளோர் மிகக் கவனமாயிருத்தல் வேண்டும்.

இவ்விரண்டிலும் ஒரு நிமிடமும் தாழ்த்தாது 108 எண்ணை அழைக்க வேண்டும். நோயாளியை நடக்கவிடலாகாது, இருசக்கர வண்டியில் ஏற்றிச் செல்லுதலும் ஆகாது.

3. எண்ணெய்ப் பண்டம் உண்டபின் வலப்பக்க மேல்வயிற்றில் தோன்றி, வலது தோள்பட்டைக்குப் பரவுகிறதா? பித்தப்பைக் கற்களாக இருக்கலாம். அத்துடன் காய்ச்சலோ, கண்ணில் மஞ்சள் நிறமோ காணின் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

4. முதுகின் ஒரு பக்கத்தில் மட்டும், பட்டைபோல் எரிச்சலும் குத்தலும் உண்டா? அது அக்கியாக இருக்கலாம். கொப்புளம் தோன்றுவதற்குச் சில நாட்கள் முன்னரே வலி தொடங்கிவிடும். அக்கிக்குக் காவி எழுதும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. ஆயினும் கொப்புளம் கண்ட 72 மணி நேரத்திற்குள் மருந்து தொடங்கினால்தான் முழுப்பயன் கிட்டும். தாழ்த்தினால் கொப்புளம் ஆறியபின்னும் நரம்பு வலி பல மாதங்கள் நீடிக்கக் கூடும்.

5. மாலைக் காய்ச்சல், உடல் இளைத்தல், படுத்தாலும் தணியாது இரவில் மிகும் வலி ஆகியவை உண்டா? முதுகெலும்பில் காசநோய் பற்றியிருக்கலாம். புற்று நோயும் இவ்வாறு தோன்றுவதுண்டு. முன்னர்ப் புற்று நோய்க்கு மருத்துவம் செய்துகொண்டோர் முதுகு வலியைச் சிறிதும் புறக்கணிக்கலாகாது.

6. கீழே விழுந்தபின் வந்த வலியா? மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் முதியோருக்கும் எலும்பு நலிந்திருப்பின், சிறு சறுக்கலிலும் முள்ளெலும்பு நசுங்கக் கூடும். கூன் புதிதாக விழுவதும் அதன் அறிகுறியே.

7. கை கால்களில் மரப்பு, வலுவின்மை, நடையில் தள்ளாட்டம், சிறுநீரும் மலமும் கட்டுப்பாடின்றிப் போதல் ஆகியவை உண்டா? தண்டுவடம் அழுத்தமுறுவதன் அடையாளமாதலின் அன்றே மருத்துவரைக் காண வேண்டும்.

தசையைச் சார்ந்த வலிக்கு ஒரு பொதுத்தன்மை உண்டு. கையை நீட்டும்போதோ, கழுத்தைத் திருப்பும்போதோ, ஓரிடத்தை விரலால் அழுத்தும்போதோ அது கூடும். இருக்கும் நிலையை மாற்றினால் குறையும். எந்நிலையிலும் மாறாத வலி தசை வலியன்று என ஐயுறுதல் நன்று.

முதல் இரண்டு மூன்று நாட்கள்

மேற்கூறிய அறிகுறிகள் எவையும் இல்லையெனத் தெளிந்தபின் இல்லத்தில் கவனித்தலைத் தொடங்கலாம்.

வலி கண்டவுடன் படுத்துவிடுவது நம்மிடையே உள்ள வழக்கம். ஓய்வு வேண்டும், ஆனால் அளவோடு வேண்டும். பாரம் தூக்குதலையும், வலியைக் கூட்டிய அதே வேலையையும் இரண்டொரு நாட்கள் நிறுத்தலாம். மற்றபடி மெல்ல நடமாடுதல் வேண்டும். அசையாதிருக்கும் தசை மேலும் இறுகும். இறுகிய தசை மேலும் வலிக்கும்.

பாரம் தூக்கியதால் தசை பிடித்து வீக்கம் கண்டிருப்பின், முதல் இரண்டு நாட்கள் குளிர்ந்த ஒத்தடம் ஏற்றது. பனிக்கட்டியைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வைக்கலாம். நேரே தோலின்மீது வைத்தலாகாது. நெடுநாள் குனிந்திருந்ததால் வந்த இறுக்கத்திற்கு வெந்நீர்ப்பை, வறுத்த உப்பு, வறுத்த தவிடு இவற்றுள் ஒன்றால் 15 முதல் 20 நிமிடம் வரை ஒத்தடம் கொடுக்கலாம். கொடுப்பவர் தம் முன்கையில் வைத்துச் சூடு பார்த்தபின்னரே நோயாளியின் முதுகில் வைக்க வேண்டும். சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்தவர்க்குத் தோல் வெந்தாலும் தெரியாது. வலித் தைலம் தடவிய இடத்தில் உடனே ஒத்தடம் கொடுப்பதும் தோலைப் புண்ணாக்கும்.

எண்ணெய் தேய்ப்பதாயின், வெதுவெதுப்பான நல்லெண்ணெயை முதுகெலும்பின்மேல் அழுத்தாது, இரு பக்கத் தசைகளில் மெல்ல நீவுதல் போதுமானது. கழுத்தை இருபுறமும் வெடுக்கெனத் திருப்பிச் சொடக்கு எடுப்பதும், முதுகில் ஏறி மிதிக்கச் செய்வதும் அறவே விலக்கத்தக்கன. கழுத்தினூடே மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய், அரிதாயினும், அத்தகைய திருப்பலால் கிழிந்து பக்கவாதம் நேர்ந்ததுண்டு.

வலி தாளவில்லையெனில் பாராசிட்டமால் 500 மி.கி. மாத்திரை ஒன்று உட்கொள்ளலாம். அடுத்த மாத்திரைக்கு 6 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மருத்துவர் கூறாமல் ஒரு நாளில் நான்கிற்கு மேல் வேண்டா. கல்லீரல் நோயுள்ளோர் முதலிலேயே மருத்துவரைக் கேட்க வேண்டும். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்றவற்றைக் கடையில் கேட்டு வாங்கி விழுங்குதல் ஆகாது. வயிற்றுப் புண், சிறுநீரக நோய், இதய நோய் உடையோருக்கு அவை கேடு விளைப்பன. மருத்துவரே எழுதிக்கொடுப்பினும், இரவில் உண்ணா விரதம் மேற்கொண்டோர் அதனை அவரிடம் தெரிவித்தல் வேண்டும். அம்மாத்திரைகளை வெறும் வயிற்றில் இரவில் விழுங்குவது தவறு. பொழுது சாயுமுன் உண்ணும் உணவோடு சேர்த்துக்கொள்ளுமாறு வேளையை மாற்றித் தருவார். உபவாச நாட்களிலும் இவ்வாறே கேட்டறிதல் நலம்.

ஆறு எளிய பயிற்சிகள்

கடும் வலி சற்றுத் தணிந்ததும், வழக்கமாக இரண்டாம் மூன்றாம் நாளிலேயே, கீழ்க்காணும் பயிற்சிகளைத் தொடங்கலாம். காலை ஒருமுறை, மாலை ஒருமுறை செய்யப் பத்து நிமிடம் போதும். மூச்சை அடக்குதல் கூடாது. இழுப்பது போன்ற சிறு உணர்வு இயல்பே. குத்தும் வலியோ, கைக்குள் மின்னல்போல் ஓடும் வலியோ, தலைச்சுற்றலோ தோன்றினால் நிறுத்திவிட வேண்டும்.

ஒன்று: தோள் சுழற்றல். நேராக அமர்ந்து இரு தோள்களையும் காதை நோக்கி உயர்த்தி, பின்னே கொண்டுசென்று, கீழே இறக்கவும். 10 முறை.

இரண்டு: தோள்பட்டைகளை நெருக்கல். கைகளைப் பக்கத்தில் தொங்கவிட்டு, இரு தோள்பட்டை எலும்புகளும் ஒன்றையொன்று தொட முயல்வது போலப் பின்னே நெருக்கவும். 5 எண்ணும்வரை நிறுத்தித் தளர்த்தவும். 10 முறை.

மூன்று: முகவாயை உள்ளிழுத்தல். தலையைக் குனியாமலும் நிமிர்த்தாமலும், முகவாயை நேர்பின்னே தள்ளவும். கழுத்தின் பின்புறம் நீளுவதை உணரலாம். 5 எண்ணும்வரை நிறுத்தவும். 10 முறை.

நான்கு: மார்பை விரித்தல். வாசல் நிலையின் இருபக்கச் சட்டங்களிலும் முன்கைகளை ஊன்றி, முழங்கை தோள் உயரத்தில் இருக்க, ஒரு காலை முன்வைத்து மெல்ல முன்னே சாயவும். 20 முதல் 30 எண்ணும்வரை நிற்கவும். 3 முறை. முன்புறத் தசை இறுகித் தோளை முன்னிழுப்பதாலேயே பின்புறத் தசை வலிக்கிறது; ஆதலின் இப்பயிற்சியைத் தவிர்க்கலாகாது.

ஐந்து: மேல்முதுகைப் பின்வளைத்தல். உறுதியான நாற்காலியில் அமர்ந்து, இரு கைகளாலும் பிடரியைத் தாங்கி, நாற்காலி முதுகின் மேல்விளிம்பில் மேல்முதுகு படுமாறு மெல்லப் பின்சாயவும். 5 முதல் 10 முறை. எலும்பு நலிவுள்ளோர் மருத்துவரைக் கேட்டபின்னரே செய்க.

ஆறு: சுவரில் கை ஏற்றல். சுவரில் முதுகு பொருந்த நின்று, மடித்த கைகளைச் சுவரை ஒட்டியே மேலே ஏற்றி இறக்கவும். முதலில் கை முழுவதும் சுவரில் படாது, நாளடைவில் படும். 10 முறை.

ஒரே இடத்தில் முடிச்சுப் போல் வலிப்பின், சிறு பந்து ஒன்றைத் துணியில் முடிந்து, முதுகிற்கும் சுவருக்கும் நடுவே வைத்து ஓரிரு நிமிடம் மெல்ல உருட்டலாம். பந்து தசையின்மேல் இருக்க வேண்டுமேயன்றி முதுகெலும்பின்மேல் இருத்தலாகாது.

வலி நின்றதும் பயிற்சியையும் நிறுத்திவிடுவதே நாம் அனைவரும் செய்யும் பிழை. தசை வலுப்பெறுவதற்கு ஆறு வாரங்களாவது தொடர்ந்து செய்தல் வேண்டும்.

அமர்தல், படித்தல், உறங்குதல்

நூலைத் தரையில் வைத்துக் குனிந்து படிக்கும் பழக்கம் கழுத்திற்குப் பகை. நம் முன்னோர் சிக்குப்பலகையில் நூலை வைத்து ஓதினர். தரையில் அமர்ந்து சுவாத்தியாயம் செய்வோர் அப்பலகையை மீண்டும் எடுத்துக்கொள்ளலாம். அது தாழ்வாக இருப்பின் ஒரு மணைமேல் வைத்து உயர்த்துக. இடுப்பிற்குக் கீழே மடித்த விரிப்பு ஒன்றை இட்டுக்கொண்டால் முதுகு தானே நிமிரும். கணினியின் மேல்விளிம்பு கண்ணின் உயரத்தில் இருத்தல் வேண்டும். முழங்கைக்குத் தாங்கல் வேண்டும். கைப்பேசியை முகத்தருகே உயர்த்திப் பார்க்கப் பழகுக.

எவ்வளவு நன்றாக அமர்ந்தாலும் அசையாது நெடுநேரம் இருத்தல் கேடு தரும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து, தோளைச் சுழற்றி, பத்தடி நடந்து வரவும். தரையில் அமர்ந்து காய் நறுக்குவோர் சிறிது நேரத்திற்கு ஒருமுறை நிமிர்தல் நன்று. நீர்க்குடத்தை ஒரே இடுப்பில் சுமவாது மாற்றிச் சுமத்தலும், ஒரு பெருங்குடத்திற்கு மாறாக இரு சிறு குடங்களாகக் கொணர்தலும் தோளைக் காக்கும். பள்ளிப் பிள்ளைகளின் பையெடை உடலெடையில் பத்தில் ஒரு பங்கிற்கு மேற்படலாகாது என 2020ஆம் ஆண்டின் பள்ளிப்பைக் கொள்கை கூறுகிறது. பையின் இரு வார்களையும் இரு தோள்களிலும் மாட்டச் செய்க.

குப்புறப் படுத்தால் கழுத்து இரவெல்லாம் ஒரு பக்கம் திரும்பியே இருக்கும். ஆதலின் அதனை விடுக. மல்லாந்து படுப்போர்க்கு மெல்லிய தலையணை போதும். ஒருக்களித்துப் படுப்போர்க்குத் தோளுக்கும் காதுக்கும் இடையிலுள்ள உயரத்தை நிரப்பும் தலையணை வேண்டும். மற்றொரு தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டால் மேல்தோள் முன்னே சரியாது.

எத்தனை நாள் காத்திருக்கலாம்?

இவற்றைச் செய்துவரின் பெரும்பாலோர்க்கு ஒன்றிரண்டு வாரங்களில் வலி தணிந்துவரும். இரண்டு வாரமாகியும் சிறிதும் குறையாவிடினும், ஆறு வாரத்திற்கு மேல் நீடிப்பினும், வலி கைக்கு இறங்கினும் மருத்துவரைக் காண வேண்டும்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். இப்பக்கத்தில் உள்ள ஏழு வினாக்களையும் ஒரு தாளில் எழுதி, ஒத்தடத் துணி வைக்கும் அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். எங்கள் இல்லத்தில் அவ்வாறே ஒட்டி வைத்துள்ளோம். இன்றும் யாருக்கேனும் முதுகு வலி கண்டால் தவிட்டை எடுக்கத்தான் செல்கிறோம். ஆனால் கதவைத் திறந்தவுடன் அத்தாளைப் படித்துவிட்டே அடுப்பை மூட்டுகிறோம்.